பொதி சுமந்த மிதிவண்டி

மிதிவண்டியில் நெடும்பயணம் செல்ல விரும்புகிறவர்கள் முதலில் வண்டியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். எத்தனை கியர், என்ன டயர், எவ்வளவு விலை என்று விசாரிக்கிறார்கள். பயணத்தின் இரண்டாம் நாள் காலையில்தான் வேறோர் உண்மை புலப்படுகிறது. வண்டியைவிட அதன்மேல் ஏற்றிய பொதிதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. எதை எடுத்துச் செல்வது, அதை வண்டியின் எந்தப் பகுதியில் கட்டுவது என்பவை பார்வைக்குச் சிறிய கேள்விகள். ஆயினும் அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் புதுச்சேரிக்கும் நாம் எதிர்பாராத ஓரிடம் உண்டு.

சுமையைப் பகுத்து ஏற்றும் அறிவு நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வணிகச் சாத்தில் கழுதைகள் மிளகுப் பொதிகளைச் சுமந்து செல்கின்றன. அப்பொதிகள் முதுகின் இருபுறமும் ஒத்த கனமாக இணைக்கப்பட்டவை. ஒருபுறம் கனத்தால் விலங்கு தள்ளாடும், முதுகு புண்ணாகும் என்பது அவ்வணிகருக்குத் தெரிந்திருந்தது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பேசும் உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். வழியில் எது முறியும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். இன்று மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் எடுத்துச் செல்லும் பயணி அந்த உமணர் மரபில் வந்தவரே. தோளில் மூங்கிலைத் தாங்கி இருமுனையிலும் சுமையைத் தொங்கவிடும் காவடியும் இதே கணக்குத்தான். வழிபாட்டுப் பொருளாகும் முன்னரே காவடி சுமைக்கருவியாக இருந்தது. மிதிவண்டியின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் பைகளைத் தொங்கவிடும் ஏற்பாட்டைக் கண்டு வியக்கும் நாம், அது நம் பொதிமாட்டுக்காரர் அன்றாடம் செய்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் சுமையைப் பற்றிய இன்னொரு மரபும் நமக்கு உண்டு. தன் சுமையைத் தானே தூக்குவது தாழ்வு என்னும் மரபு அது. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் நடப்பை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. 1736 முதல் 1761இல் அவர் மறையும்வரை நீளும் அக்குறிப்புகளில் பல்லக்கு வெறும் ஊர்தியன்று. யார் பல்லக்கேறலாம், எதுவரை செல்லலாம், முன்னால் வாத்தியம் முழங்கலாமா என்பவை எல்லாம் மரியாதையின் அளவுகோல்கள். ஒருவருடைய பெருமை அவரைச் சுமப்பவரின் எண்ணிக்கையால் அறியப்பட்டது. சுமந்தவர்களின் பெயரைக் குறித்துவைக்க அங்கு எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

பிரெஞ்சு ஆட்சியின் பிற்பகுதியில் பல்லக்கின் இடத்துக்கு வந்தது ‘பூஸ் பூஸ்’. தள்ளு தள்ளு என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பழைய அஞ்சலட்டைப் படங்களில் அவ்வண்டியைக் காணலாம். உள்ளே தொப்பியணிந்த துரை அமர்ந்திருப்பார். திசை திருப்பும் கம்பி அவர் கையில் இருக்கும். பின்னால் நின்று தள்ளுபவர் தமிழர். பல்லக்குத் தூக்கியவர்களுக்குத் தாம் செல்லும் வழியாவது கண்ணில் பட்டது. பூஸ் பூஸ் தள்ளியவருக்கோ முன்னால் தெரிந்தது வண்டியின் முதுகு மட்டுமே. உழைப்பு ஒருவருடையது, திசை மற்றவருடையது என்னும் காலனிய ஏற்பாட்டை இத்தனை வெளிப்படையாகக் காட்டும் வேறொரு பொருளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிதிவண்டி இந்த ஏற்பாட்டைத்தான் குலைத்தது. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியில், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுச் சக்கரங்கள், நடுவே மிதி, சங்கிலியால் சுழலும் பின்சக்கரம் என்ற இன்றைய வடிவம் நிலைபெற்றது. திசை திருப்புபவரும் உழைப்பவரும் அதில் ஒருவரே. அவருடைய மூட்டையும் அவரோடுதான் வந்தாக வேண்டும். எனவே மூட்டையை எங்கே வைப்பது என்னும் கேள்வி வண்டியோடு கூடவே பிறந்தது.

அக்கேள்விக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டன. பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரில் போல் தெ விவி என்பவர் 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட அவர், மலைப்பாதைகளில் ஏறுவதற்கெனப் பல்வேறு கியர் அமைப்புகளைத் தாமே ஓட்டிச் சோதித்தவர். பந்தயத்துக்காக அன்றிப் பயணத்துக்காகவே வண்டி ஓட்டும் ஒரு தலைமுறை அவரைப் பின்பற்றி உருவானது. அம்மரபில் வந்த பிரெஞ்சுக் கைவினைஞர்கள் ஹேண்டில்பாரின் முன், சக்கரத்துக்குச் சற்று மேலே, சிறிய கம்பித் தாங்கியில் ஒரு பையை அமர்த்தினார்கள். வரைபடமும் ரொட்டியும் மழைச்சட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதற்கேற்ப முன்ஃபோர்க்கின் வளைவையே மாற்றி அமைத்தார்கள் என்பதுதான் அவர்களுடைய நுட்பம். வண்டியைச் செய்துவிட்டுப் பிறகு பையைத் தேடவில்லை. பையையும் வண்டியின் ஓர் உறுப்பாகக் கருதினார்கள். ஆங்கிலேயரோ சீட்டின் பின்புறத்தில் குறுக்காகத் தொங்கும் தடித்த கித்தான் பையை விரும்பினார்கள். நம் நாட்டுக்கு ஆங்கிலேயரிடமிருந்து கனத்த ரோட்ஸ்டர் வண்டி வந்தது. அந்தக் கித்தான் பை மட்டும் இங்கே வேர்பிடிக்கவில்லை. பின்சக்கரத்தின்மேல் கனத்த இரும்புக் கேரியரைப் பொருத்தி, அதில் மனிதர் முதல் மரக்கட்டை வரை அனைத்தையும் ஏற்றுவது நம் வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டுச் சாலைகளில் மூட்டையோடு மிதிவண்டியில் சென்ற தொடக்ககாலப் பயணிகளில் ஃபேன்னி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் என்னும் அமெரிக்கத் தம்பதியர் குறிப்பிடத்தக்கவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையைச் சுற்றிவிட்டு இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் கடந்த தொலைவு 14,000 மைல் என்கிறது 1904இல் வெளிவந்த அவர்களுடைய நூல். எடுத்துச் சென்றவை தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்து, வண்டி பழுதுபார்க்கும் கருவி. அவ்வளவுதான். ஒரே நாளில் 40 பஞ்சர்வரை ஒட்ட நேர்ந்ததுண்டு. இரவில் தங்கப் பயணியர் மாளிகைகள் இருந்தன. இயன்றவரை இருப்புப்பாதையை ஒட்டியே சென்றதால் உணவுப்பொருள் கிடைக்க வழியிருந்தது. ரயிலும் மாளிகையும் பிரிட்டிஷ் அரசு அமைத்த வசதிகள். அவர்களுடைய மூட்டை சிறுத்திருந்ததற்கு ஒரு பேரரசு பின்னால் நின்றதும் காரணம்.

அத்தகைய பின்பலம் இல்லாமல் புறப்பட்டவர்களும் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயின் பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் முடித்துத் திரும்பினார்கள். பாரசீக, சிரியப் பாலைவனங்களையும் அவர்கள் கடந்தார்கள். பளுதூக்கியவர்கள் பளுவைக் குறைத்துக்கொண்டு பயணம் போனார்கள் என்பது பொருத்தமான முரண். அடிமை நாட்டு இளைஞர்கள் தம் சுமையைத் தாமே இழுத்துக்கொண்டு உலகைச் சுற்ற இயலும் என்று காட்டியது அக்காலத்தில் ஓர் அரசியல் செயலும் ஆகும்.

சுமையின் இயற்பியலை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுபவரின் உடல் எடையில் பெரும்பங்கு ஏற்கெனவே பின்சக்கரத்தில்தான் விழுகிறது. எல்லாப் பொதியையும் கேரியரில் ஏற்றினால் பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும். ஏற்றத்தில் முன்சக்கரம் கனமிழந்து மிதக்கும், இறக்கத்தில் வண்டியின் வால் ஆடும். சுமை எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறதோ அவ்வளவுக்கு ஆட்டம் குறையும். சக்கரத்தின் அச்சுக்கு நேராக அமைவது நன்று. பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் ஆட்டம் மிகும். மிகவும் முன்னுக்கு இழுத்தாலோ ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகச் சிறு பைகள் தொங்கினால் ஹேண்டில்பார் சற்றுக் கனக்கும், ஆனால் வண்டி நேர்கோட்டில் நிதானமாகச் செல்லும். முதுகில் பை மாட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் மோசமானது. சுமை உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது; அதன் பாரம் முழுதும் இடுப்பின்வழி சீட்டில் இறங்குகிறது. நம் கடற்கரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் முதுகு ஊறிப்போகும். பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டி சமதளத்தில் சுகம். ஏற்றத்திலும் நெரிசலிலும் அதுவே பகை.

இவற்றையெல்லாம் நூல் படித்து அறியாதவர்களே நம் ஊரில் இவற்றைச் சரியாகச் செய்தார்கள். பால்காரரைப் பாருங்கள். கேன்களைக் கேரியரின்மேல் அடுக்காமல் இருபுறமும் கொக்கியில் தாழ்வாகத் தொங்கவிடுகிறார். ஒரு கேன் காலியானதும் மற்றதிலிருந்து பாதியை அதில் ஊற்றிச் சமன் செய்துகொள்வார். மீன்காரர் பெட்டியை அகலமாகவும் தட்டையாகவும் அமைத்துக்கொள்கிறார். கயிறு தளர்ந்துவிடும் என்பதால் பழைய டியூபை நீளவாட்டில் கிழித்து வாராக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அவ்வார் நீண்டு கொடுக்கும், பொதி நகராது. இன்று கடைகளில் விலை கொடுத்து வாங்கும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு செய்யும் வேலையும் இதுதான்.

சுமையேற்றிய மிதிவண்டி உலக வரலாற்றையே திருப்பிய ஒரு நிகழ்ச்சி உண்டு. அது புதுச்சேரியையும் தொட்டது. வியட்நாமின் தியென் பியென் ஃபூவில் 1954 மார்ச் 13 அன்று போர் தொடங்கியபோது, மலைகள் சூழ்ந்த அத்தொலைதூரப் பள்ளத்தாக்குக்கு எதிரியால் போதிய தளவாடமும் அரிசியும் கொண்டுவர இயலாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் கணக்கிட்டிருந்தார்கள். வியட்மின் படையினரிடம் லாரிகள் இருந்தன. லாரி போகாத வழிகளிலும், குண்டுவீச்சில் சாலை அறுந்த இடங்களிலும் ஏறத்தாழ 20,000 மிதிவண்டிகள் சென்றன. அவற்றுள் பெழோ முதலான பிரெஞ்சு வண்டிகளும் இருந்தன. யாரும் அவற்றில் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டினார்கள். சீட்டுக் குழாயில் இன்னொரு மூங்கிலை நிறுத்தினார்கள். ஒன்று திசை திருப்ப, மற்றது தாங்கித் தள்ள. சட்டத்தின் இருபுறமும் மூட்டைகளைத் தாழ்வாகத் தொங்கவிட்டார்கள். டயருக்குள் கந்தல் துணியைச் சுற்றி வைத்தார்கள். தோள்காவடியில் ஒருவர் சுமக்கக்கூடியதைப்போல் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ, ஒரு வண்டியில் சென்றது. 300 கிலோவைத் தாண்டியவர்களும் உண்டு. மே 7 அன்று பிரெஞ்சு முகாம் வீழ்ந்தது.

அதன் எதிரொலி இங்கே கேட்டது. ஜூனில் பாரிசில் அரசு மாறி மென்தேஸ் பிரான்ஸ் தலைமை அமைச்சரானார். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போர் முடிவுக்கு வந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. புதுச்சேரியின் விடுதலைக்கு இங்கேயே நடந்த நெடிய போராட்டம் உண்டு. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த பஞ்சாலைத் தொழிலாளர்களை மறந்து எவரும் அவ்வரலாற்றை எழுத முடியாது. ஆயினும் பாரிசின் பிடி தளர்ந்ததில் அந்த மூங்கில் கட்டிய மிதிவண்டிகளுக்கும் பங்குண்டு. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனில் பிரெஞ்சு அரசின் அலுவலர்களாகவும் காவலர்களாகவும் படைவீரர்களாகவும் தலைமுறைகளாகப் பணிபுரிந்தவர்கள். பேரரசின் சுமையைத் தாங்கிய தோள்களில் நம்முடையவையும் இருந்தன. பூஸ் பூஸின் பின்னால் நின்றவருக்கும் சைகோனில் சீருடை அணிந்தவருக்கும் இடையே உடையில் வேறுபாடு பெரிது. திசைக்கம்பி இருவர் கையிலும் இல்லை என்பதே ஒற்றுமை.

நம் காலத்தில் அந்தக் கம்பி கைமாறிய இடம் ஒன்று உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான வண்டி போதாமல் ஆண்களின் வண்டியை எடுத்தவர்களில் சிலர், அதுவே வசதி என்று கண்டுகொண்டதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ விளைபொருளோ அமரும். சந்தைக்குப் போகக் கணவனுக்கோ அண்ணனுக்கோ பேருந்துக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே சுமை குறையவில்லை. அவர்கள் முன்பு தலையிலும் இடுப்பிலும் சுமந்ததுதான். அது சக்கரத்துக்கு மாறியதும் சுமப்பவரின் பார்வை நிலத்திலிருந்து நிமிர்ந்து சாலைக்கு வந்தது.

சுமை எங்கே அமர்கிறது என்பதை நான் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகக் கருதாததற்கு இதுவே காரணம். இன்று புதுச்சேரியில் மிதிவண்டிப் பயணம் மீண்டும் ஒரு விருப்பமாகத் துளிர்த்திருக்கிறது. வார இறுதிகளில் கடற்கரைச் சாலையில் விலையுயர்ந்த வண்டிகளைக் காண்கிறோம். பல குழுப் பயணங்களில் ஓட்டுபவர்களின் பைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வேன் வருகிறது. முதியோருக்கும் உடல்நலம் குன்றியவர்க்கும் அது தேவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தன் மூட்டையை வேனுக்குக் கொடுத்தவர், மூட்டை கற்றுத்தரும் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது வேண்டுமா என்று கேட்கும் பாடம் அது. வழியில் வேட்டியைத் துவைத்து உலர்த்த முடியுமென்றால் இரண்டாவது வேட்டி எதற்கு? வழியெங்கும் இட்லி கிடைக்கும் நாட்டில் அடுப்பு எதற்கு? எடை என்பது நம் அச்சங்களின் தொகை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மழை, பசி, அந்நியர் என ஒவ்வோர் அச்சத்துக்கும் ஒரு பொருளைத் தூக்கிக்கொள்கிறோம்.

என் மாணவர்களைப்போன்ற இளைஞர்களுக்கு நான் பரிந்துரைப்பது புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் வழி. ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரரின் ஊரிலிருந்து கிளம்பி, ஆங்கிலேயரின் கடலூரைக் கடந்து, சிதம்பரம், சீர்காழி வழியே, 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியைத் தொட்டு மீண்டும் பிரெஞ்சுக்காரரின் ஊரை அடையலாம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் குறுக்கிடும். ஏற்றம் என்று சொல்ல பாலங்களைத் தவிர வேறில்லை. 1949இல் சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்தபின் 1954 வரை, இவ்விரு ஊர்களின் எல்லைகளிலும் மூட்டையோடு கடப்பவர் அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்ப முடியாது. இன்று மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்பவர் எவருமில்லை. இரண்டு நாளில் நிதானமாகப் போகலாம்.

அப்பயணத்துக்கு விலையுயர்ந்த பைகள் வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண வண்டியின் கேரியரில் இருபுறமும் தொங்கும்படி இரண்டு கித்தான் பைகளைத் தைத்துக்கொள்ளலாம். அடிப்பகுதி சக்கரத்துக்குள் இழுபடாதபடி உள்ளே ஒரு தட்டையான பலகையை வைக்க வேண்டும். கீழ்முனையை ஸ்டாண்டின் போல்ட்டோடு டியூப் வாரால் கட்ட வேண்டும். கனமான கருவிகள் அடியில், துணி மேலே. இரு பைகளையும் கையில் தூக்கிப் பார்த்து எடையைச் சமன் செய்ய வேண்டும். தண்ணீரும் பணமும் ஹேண்டில்பாரில் ஒரு சிறு பையில் இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் போவதானால் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்தக் கித்தானும் நிற்காது. மொத்தம் 10 கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. புறப்படுமுன் பொதியோடு ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். எது ஆடுகிறது, எது உரசுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பல்லக்கும் பூஸ் பூஸும் ஓடிய அதே தெருக்களில் அச்சுற்று நிகழும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கவர்னர் மாளிகையின் எதிரே, பாரதி பூங்காவைச் சுற்றிக்கொண்டு, தன் பொதியைத் தானே ஏற்றிய ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ மிதித்துச் செல்லும்போது, திசையும் உழைப்பும் சுமையும் ஒருவரிடமே சேர்ந்திருக்கின்றன. இந்த ஊரில் அது ஒருகாலத்தில் எளிய காரியமாக இருக்கவில்லை.